மூன்று, இரண்டு, ஒன்று: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுடன் மாவுருண்டை பிடிப்பது எப்படி

செட்டிநாட்டு வீடுகளில் சம்புடம் நிறையச் செய்து வைக்கும் பலகாரங்களுள் மாவுருண்டைக்கு நிலையான இடம் உண்டு. வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு, பொடித்த சர்க்கரை, நெய் என்னும் மூன்றே பொருள்களில் அது முடிந்துவிடும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குச் சமையல் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த மாவுருண்டையிலிருந்து தொடங்கலாம் என்பது, காரைக்குடிப் பக்கத்தில் சிறப்பாசிரியராகப் பணியாற்றிவரும் என்னுடைய பரிந்துரை.

இதற்குக் காரணங்கள் உண்டு. குழந்தையின் கைக்கு வரும் வேலையில் அடுப்பும் கத்தியும் மிக்சியும் இல்லை. எல்லாப் பொருள்களும் முன்பே பக்குவமானவை என்பதால், பாதி வேலையில் ஒரு குழந்தை மாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாலும் அது பச்சை மாவு ஆகாது. அரை மணி நேரத்தில் பலகாரம் கையில் இருக்கும். இவை எல்லாவற்றையும்விட, குழந்தை எடுத்துச் செல்லும் உருண்டையைப் பார்த்தவுடன் வீட்டில் இருக்கும் அப்பத்தாவும் ஆயாவும் (அம்மாவின் அம்மா) அது என்னவென்று அறிந்துகொள்வார்கள். கேக்கோ சாண்ட்விச்சோ செய்து அனுப்பும்போது அந்த அறிதல் நிகழ்வதில்லை. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் நம் ஊரின் பெருமைதான். ஆயினும் அவை கொதிக்கும் எண்ணெயில் வேகும் பலகாரங்கள் என்பதால் தொடக்க வகுப்புக்கு ஏற்றவை அல்ல.

தொடங்கும் முன் வீட்டாரிடம் கேட்க வேண்டியவை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. சான்றிதழில் எந்த வகை எழுதப்பட்டுள்ளது என்பது உதவித்தொகைக்கும் சலுகைக்கும் தேவை. சமையல் வகுப்புக்கு அதைவிட நுட்பமான செய்திகள் தேவைப்படுகின்றன. குழந்தை எதை மென்று விழுங்குகிறது, எந்தக் கையை மிகுதியாகப் பயன்படுத்துகிறது, எந்தத் தொடுகையை வெறுக்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பவற்றைத் தாயிடமோ அப்பத்தாவிடமோ உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விழுங்குதலைப் பற்றிய கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. மாவுருண்டை வாய்க்குள் போனதும் உதிரும். உதிர்ந்த மாவு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிரித்தாலோ இருமினாலோ மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கும், வாய்த்தசைகள் தளர்ந்திருக்கும் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் சிலருக்கும் மெல்லுவதிலும் விழுங்குவதிலும் சிரமம் இருக்கும். அத்தகைய குழந்தை உருண்டையைப் பிடிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் உண்ணக் கூடாது. அக்குழந்தையின் பங்கு மாவைப் பாலிலோ வெந்நீரிலோ கரைத்துக் காய்ச்சி, பேச்சு மற்றும் விழுங்கு பயிற்சியாளர் சொல்லும் பதத்தில் கஞ்சியாகக் கொடுக்கலாம். மற்றவர்கள் தின்னும்போது அந்தக் குழந்தை வெறுங்கையுடன் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஆகிவிடக் கூடாது. எனவே கஞ்சியை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

பால் ஒவ்வாமை இருந்தால் நெய் கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு எவ்வளவு உண்ணலாம் என்பதைப் பெற்றோரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். முந்திரியும் நிலக்கடலையும் இந்த மாவுருண்டையில் சேர்க்க வேண்டாம். ஒவ்வாமைக்கும் அடைப்புக்கும் ஒருசேர இடமளிப்பவை அவை.

முந்தின நாள் பெரியவர்கள் செய்ய வேண்டியது

நான்கு குழந்தைகளுக்கு வாரம் இரண்டு வகுப்பு வீதம் இரண்டு வாரங்களுக்கு அரைக் கிலோ பாசிப்பருப்பு, 300 கிராம் சர்க்கரை, கால் கிலோ நெய், ஐந்தாறு ஏலக்காய் போதுமானவை. பருப்பை இளந்தீயில் கைவிடாமல் கிளறிப் பொன்னிறமாகவும் வாசனையாகவும் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, மாவு மில்லில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வறுபடாத பருப்பு பச்சை வாசனையடிக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் இதில் அவசரம் வேண்டாம். சர்க்கரையை ஏலக்காயுடன் பொடித்து வேறொரு டப்பாவில் வையுங்கள்.

இந்த வேலைகளை வகுப்பில் செய்யாததற்கு ஒலியும் ஒரு காரணம். மிக்சியின் இரைச்சலைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அழும் ஆட்டிச நிலையுள்ள குழந்தை, அந்த நாள் முழுவதும் அடுப்படிப் பக்கமே வர மறுக்கக்கூடும்.

அளவு

நம் ஆச்சிமார்கள் கண்ணளவிலும் கைப்பக்குவத்திலும் சமைப்பவர்கள். ‘கொஞ்சம் மாவு’, ‘தேவையான அளவு நெய்’ என்னும் சொற்கள் அவர்களுக்குத் தெளிவானவை. அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அவற்றில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே எல்லாவற்றையும் ஒரே கரண்டியால் அளக்கும்படி அமைத்துக்கொண்டேன். 15 மில்லி கொள்ளும் அளவுக்கரண்டியால் மாவு மூன்று, சர்க்கரை இரண்டு, நெய் ஒன்று. இதுவே ஒரு குழந்தையின் பங்கு, இதில் எலுமிச்சையைவிடச் சிறிய உருண்டைகள் இரண்டு அல்லது மூன்று வரும்.

வழக்கமாக வீட்டில் நெய்யைச் சுடச்சுட ஊற்றிச் சூட்டோடு பிடிப்பார்கள். அந்தச் சூட்டில்தான் குறைந்த நெய்யிலும் மாவு இறுகும். குழந்தைகளின் கைக்கு வெதுவெதுப்புக்கு மேல் கூடாது என்பதால், நெய்யின் விகிதத்தைச் சற்றே கூட்டியிருக்கிறேன். காரைக்குடி வெயிலில் ஆண்டின் பெரும்பகுதியில் நெய் உருகியே இருக்கும். மார்கழியில் உறைந்துவிட்டால் நெய்க்கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே குழந்தையின் முன் வையுங்கள்.

இடமும் பாத்திரமும்

வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) வெளிச்சத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணுக்கு இதமானது; ஆனால் சமையல் வகுப்புக்கு அதில் இரண்டு இடர்கள் உள்ளன. வழவழப்பான அந்தக் கல்லில் ஒரு சொட்டு நெய் சிந்தினாலும் கால் வழுக்கும். மேலும், பூவும் கட்டமுமாக நிறைந்த அந்தக் கோலத்தின் மேல் வைத்த கிண்ணத்தைப் பார்வைக் குறைவுள்ள குழந்தையாலும் கவனம் எளிதில் சிதறும் குழந்தையாலும் பிரித்துக் காண இயலாது. கோலமற்ற ஒரே நிறப் பாயையோ போர்வையையோ விரித்து, அதன்மேல் வேலையை நடத்துங்கள். நெய் சிந்தினால் உடனே மாவைத் தூவி ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

பாத்திரம் அடர்நீலமாகவோ அடர்பச்சையாகவோ இருந்தால் மஞ்சள் மாவும் வெள்ளைச் சர்க்கரையும் எடுப்பாகத் தெரியும். பளபளக்கும் எவர்சில்வர், வெளிச்சத்தை எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் எனாமல் கிண்ணங்களைப் பார்க்கும்போது ஆசை வருவது இயல்பு; ஆயினும் பழைய எனாமல் பெயர்ந்து உணவில் கலக்கக்கூடும், அதன் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கவும் கூடும். அவற்றை அலமாரியிலேயே விட்டுவிட்டு, புதிய தடித்த கிண்ணங்களை வாங்குங்கள்.

கிண்ணம் நகராமல் இருப்பது அவசியம். ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தைக்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள மறுகை இல்லை. ஈரத்துணியைச் சும்மாடு போலச் சுருட்டி அதன் நடுவில் கிண்ணத்தை அமுக்கி வைத்தால் அசையாது. வீட்டில் பிரிமணை இருந்தால் அதுவும் உதவும். கரண்டிக் காம்பு மெல்லியதாக இருந்தால் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டித் தடிமனாக்குங்கள். நாற்காலியில் உட்காரும் குழந்தையின் கால்கள் தொங்காமல் தரையிலோ மணைப்பலகையிலோ முழுவதுமாகப் பதிந்திருக்க வேண்டும். கால் ஊன்றாத குழந்தையின் கை நடுங்குவதைப் பலரும் கையின் குறையாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

படஅட்டைகள்

கைப்பேசியில் உங்கள் கிண்ணத்தையும் உங்கள் கரண்டியையுமே படமெடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் கேலிச்சித்திரக் கரண்டியைக் கையிலுள்ள கரண்டியோடு பொருத்திப் பார்ப்பது சில குழந்தைகளுக்கு மிகக் கடினம். ஓர் அட்டையில் ஒரு செயல் மட்டுமே இருக்க வேண்டும். மாவு அட்டையில் மூன்று கரண்டிகளும், சர்க்கரை அட்டையில் இரண்டும், நெய் அட்டையில் ஒன்றும் வரிசையாகத் தெரியட்டும். எண்ணத் தெரியாத குழந்தை ஒவ்வொரு கரண்டி போட்டதும் படத்திலுள்ள ஒரு கரண்டியின் மேல் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டே போகலாம். கொட்டை வைக்க இடம் தீர்ந்தால் மாவு போதும் என்று பொருள். பார்வையற்ற குழந்தைக்கு அட்டையில் பசையால் மேடான புள்ளிகள் வைத்து உலரவிடுங்கள். பேச்சு வராத குழந்தைக்கு ‘இன்னும்’, ‘போதும்’, ‘உதவி’ என்னும் மூன்று அட்டைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது கட்டாயம்.

கடைசிப் படியிலிருந்து கற்பித்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் படியிலிருந்து கற்பிக்கவே முனைவார்கள். குழந்தை கை கழுவும், மாவு போடும், அதற்குள் சோர்ந்துவிடும். மீதியை ஆசிரியர் முடித்து உருண்டையைக் கையில் கொடுப்பார். அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது, தான் தொடங்குவதை வேறொருவர் முடிப்பார் என்பதை மட்டுமே. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதல் வகுப்பில், அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குழந்தை பார்க்க நீங்களே செய்து, இறுகப் பிடித்த உருண்டையைத் தட்டில் வைக்கும் வேலையை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அடுத்த வகுப்பில் உருட்டுவதும் வைப்பதும் குழந்தையுடையவை. அதற்கடுத்து பிசைவது, பிறகு நெய், பிறகு சர்க்கரை என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சென்றால், ஒவ்வொரு நாளும் பலகாரத்தை முடித்த கை குழந்தையின் கையாகவே இருக்கும்.

என் வகுப்பில் படித்த ஒரு சிறுமி, முதல் மூன்று சமையல் வகுப்புகளிலும் உருண்டையைத் தட்டில் வைப்பதை மட்டுமே செய்தாள். மற்ற எதையும் தொட மறுத்தாள். நான்காவது சமையல் வகுப்பில் நான் மாவை அளக்கத் தாமதித்தபோது, கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அவளே மூன்று முறை போட்டாள். நான் சொல்லிக்கொடுக்காத படி அது; பார்த்துக்கொண்டே இருந்து எடுத்துக்கொண்டது.

வகுப்பு நாளின் செய்முறை

காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவில், கடும்பசியும் இல்லாமல் வயிறும் நிறைந்திராமல் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெரியவருக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். கைத்துணை மிகுதியாகத் தேவைப்படும் குழந்தைக்குத் தனியாக ஒருவர் வேண்டும்.

முதற்படி கை கழுவுதல். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரையுடன் 20 விநாடி தேய்க்கச் செய்து, துண்டால் ஈரமின்றித் துடையுங்கள். ஈரக்கை பட்டால் மாவு கட்டிதட்டும், உருண்டையும் விரைவில் கெடும். எச்சில் வடியும் குழந்தைக்குக் கழுத்தில் துண்டு கட்டுங்கள். ஒவ்வொருவரும் தம் கிண்ணத்தில் செய்து தம் உருண்டையையே உண்பதால் இதில் வெட்கப்படவோ விலக்கவோ ஒன்றும் இல்லை.

இரண்டாவதாக மாவு. டப்பாவில் கரண்டியைவிட்டு அள்ளி, ஐஸ் குச்சியால் மேற்பரப்பைச் சமமாக வழித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். இது எளிதாகத் தோன்றினாலும் பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு மாற்றுவது தனித் திறன். இது கைவராத குழந்தைக்கு ஒரு வாரம் முன்பே பச்சரிசியை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குக் கரண்டியால் மாற்றும் பழக்கத்தைக் கொடுங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, ஊற்றுதல், மாற்றுதல் போன்ற அன்றாட வேலைகளையே சிறுவர் கல்வியின் தொடக்கமாக வைத்தவர். ரோம் நகரில் அவருடைய கல்விப்பணி தொடங்கியதும் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளோடுதான்.

அடுத்துச் சர்க்கரை இரண்டு கரண்டி போட்டு, விரல்களால் கலக்கச் செய்யுங்கள். வெள்ளை மறைந்து ஒரே மஞ்சளாக வந்தால் கலந்துவிட்டது.

நெய் ஊற்றும் படியில் உங்கள் கை குழந்தையின் கைக்கு அடியில் இருக்கட்டும். மேலிருந்து அமுக்கிப் பிடித்தால் குழந்தை தன் கையை விடுவித்துக்கொள்ள முடியாது, கை செய்யும் வேலையையும் உணராது. அடியில் தாங்கினால் விரும்பும்போது அது கையை எடுத்துக்கொள்ளலாம். பார்வையற்ற குழந்தைகளுக்கு இம்முறை இன்றியமையாதது. அவர்களுக்குக் கைகளே கண்கள் என்பதால், முன்னறிவிப்பின்றி அந்தக் கையைப் பற்றி இழுப்பது முகத்தைப் பிடித்துத் திருப்புவதற்கு ஒப்பாகும்.

பிறகு பிசைந்து பிடித்தல். முதலில் உருட்டக் கூடாது. ஒரு கைக்குள் மாவை வைத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் நாலைந்து முறை இறுக்க வேண்டும். இறுகிய பிறகே இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்ட வேண்டும். உதிர்ந்தால் அரைக் கரண்டி நெய்யும், கையில் வழிந்தால் அரைக் கரண்டி மாவும் சேர்க்கலாம். தசைத்தளர்ச்சி உள்ள குழந்தைக்கு இந்த இறுக்கும் வேலை நல்ல கைப்பயிற்சி. ஓயாமல் ஓடியாடும் குழந்தைக்கோ இது உடலை அமைதிப்படுத்தும் வேலை. ஒரு கை மட்டும் இயங்கும் குழந்தை, மாவைக் குழிக்கரண்டியில் அழுத்தி நிரப்பித் தட்டில் தட்டினால் அரை உருண்டையாக விழும். அந்த வடிவத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள். தட்டையானதும் கோணலானதும் வெடித்ததும் மாவுருண்டையே. குழந்தை பார்க்காத நேரத்தில் எடுத்து மறுபடி உருட்டி வைக்கும் பழக்கம் பல பெரியவர்களிடம் உண்டு, அதைக் குழந்தைகள் கண்டுகொள்கிறார்கள்.

நெய்ப்பிசுக்கைத் தாங்க முடியாத குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மாவையும் நெய்யையும் சுத்தமான உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, உறையின் மேலிருந்து பிசையக் கொடுங்கள். சில வாரங்களுக்குப் பின் ஒரு விரலால் தொடக்கூடும், தொடாமலும் போகலாம். இரண்டிலும் உருண்டை கிடைக்கும்.

வேலை நடக்கும்போது குறைவாகப் பேசுங்கள். ‘இப்ப நீ கரண்டிய எடுத்து மெதுவாச் சிந்தாம மாவைப் போடணும், சரியா?’ என்பதைவிட, அட்டையைக் காட்டி ‘மாவு’ என்று சொல்வது விரைவில் சென்று சேரும். சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஏழாவது எட்டாவது எண்ணில் கையை நீட்டுகிறார்கள்; நாமோ மூன்றிலேயே உதவிக்குப் பாய்ந்துவிடுகிறோம். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே அமர்ந்து பேசுங்கள்.

உண்ணும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு துண்டுகளாகப் பிட்டு, இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு பெரியவர் வேறு வேலையில் ஈடுபடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரம் கழுவுவதும் பாய் உதறுவதும் வகுப்பின் பகுதிகளே. ஓடும் தண்ணீரில் கை வைப்பதற்காகவே வகுப்புக்கு வரும் குழந்தைகளும் உண்டு.

பதிவும் அடுத்த வாரங்களும்

ஒவ்வொரு படிக்கும் எதிரே ‘தானே’, ‘சைகையில்’, ‘கைத்துணையுடன்’ என்னும் மூன்றில் ஒன்றை எழுதிவைத்தால் போதும். குறைந்தது நான்கு வாரங்கள் இதே மாவுருண்டையைச் செய்யுங்கள். பலகாரத்தை மாற்றத் தோன்றுவது பெரியவர்களின் சலிப்பால். குழந்தைகளோ அறிந்த வேலை மீண்டும் வருவதில் மகிழ்கிறார்கள். ‘தானே’ என்பது பெரும்பாலான படிகளில் வந்துவிட்டால், அடுத்து அவலை நனைத்து வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் கலப்பதற்குச் செல்லலாம். அதில் புதிதாகக் கற்க வேண்டியது, அவல் ஊறும் வரை காத்திருப்பது. வலிப்பு வரும் குழந்தையை மட்டும் எந்தக் கட்டத்திலும் அடுப்புக்கோ கொதிக்கும் எண்ணெய்க்கோ அருகில் நிறுத்தாதீர்கள்.

செய்த உருண்டைகளுள் ஒன்றைச் சிறு ஓலைக் கொட்டானிலோ டப்பாவிலோ வைத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அதனுடன் மூன்று, இரண்டு, ஒன்று என்னும் அளவு அட்டையின் நகலையும், அதே 15 மில்லி கரண்டி ஒன்றையும் வையுங்கள். வீட்டாரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சனிக்கிழமை குழந்தை மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தால், பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள்.